தேவ்லாலி வாத்தியாரும் 6174-உம்



மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று சங்கத்தில் கேட்டார்கள். வேலையைப் பற்றி எழுதினால் சுரங்கமும் கொதிகலனும்தான் வரும். நெய்வேலியில் அது வீட்டுக்கு வீடு தினமும் பேசுகிற பேச்சு. அதனால் எனக்குப் பிடித்த ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையைச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். பெரிய மனிதர் என்றதும் துணைவேந்தர், விஞ்ஞானி, விருது வாங்கியவர் என்று நினைத்துவிட வேண்டாம். இவர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் வரை பள்ளிக்கூட வாத்தியார்தான். பெயர் தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேகர்.

இவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கல்லூரி வகுப்பில் விளையாட்டு வைத்துப் பாடம் நடத்தலாமா என்ற பேச்சு இப்போது எல்லா இடத்திலும் அடிபடுகிறது. செல்போனில் வினாடி வினா, புள்ளிப் பட்டியல், ஜெயித்தவனுக்கு சாக்லேட் என்று ஒரு பக்கம் நடக்கிறது. இது என்ன எல்.கே.ஜி. வகுப்பா, சிலபஸை யார் முடிப்பது என்று இன்னொரு பக்கம் முணுமுணுக்கிறார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் கப்ரேகரின் வாழ்க்கையை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசினால் நல்லது என்பது என் எண்ணம்.

அவர் பிறந்தது 1905 ஜனவரி 17, மும்பைக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள தஹானுவில். எட்டு வயதில் தாயை இழந்தார். வளர்த்தது அப்பா. அவர் ஒரு குமாஸ்தா. ஜோசியத்தில் பிரியம் உள்ளவர். ஜாதகம் கணிக்க உயர்ந்த கணிதம் தேவையில்லைதான். ஆனால் கூட்டல் கழித்தல் கை வந்த கலையாக இருக்க வேண்டும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கணக்குகளைப் பார்த்த பையனுக்கு கிரகங்கள் மேல் ஆசை வரவில்லை, எண்கள் மேல் வந்தது.

தாணேயில் பள்ளிப் படிப்பு. 1923 இல் புனே ஃபெர்குசன் கல்லூரி. கேம்பிரிட்ஜில் சீனியர் ராங்ளர் பட்டம் பெற்ற முதல் இந்தியரான பராஞ்சபேயின் பெயரில் மாணவர்களுக்கு ஒரு கணிதப் பரிசு இருந்தது. சொந்தமாகச் செய்த கணிதத்துக்குக் கொடுக்கும் பரிசு அது. 1927 இல் கப்ரேகர் அதைப் பெற்றார். 1929 இல் பி.எஸ்சி. முடித்தார். அதோடு படிப்பு நின்றது. எம்.எஸ்சி. கிடையாது, ஆராய்ச்சிப் பட்டம் கிடையாது, வழிகாட்டி என்று சொல்ல ஒரு பேராசிரியரும் கிடையாது. நாசிக் பக்கத்தில் பீரங்கிப் படையினர் முகாம் இருக்கிற தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராகச் சேர்ந்தார். 1962 இல் ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தார்.

பகலில் பள்ளிக்கூடம். மற்ற நேரத்தில் சைக்கிளில் ஊர் ஊராகப் போய் டியூஷன். ஆற்றங்கரையில் உட்கார்ந்து எண்களைப் பற்றி யோசனை. அவர் கண்டுபிடித்தவற்றைப் பாருங்கள், எல்லாமே விளையாட்டாகத்தான் தெரியும்.

டெம்லோ எண்கள் என்று ஒன்றைப் பிடித்தார். 11-ஐ 11 ஆல் பெருக்கினால் 121. 111-ஐ அதே எண்ணால் பெருக்கினால் 12321. 1111 என்றால் 1234321. கோபுரம் மாதிரி ஏறி இறங்குகிறது அல்லவா? யோசனை உதித்த இடம் மும்பை அருகே உள்ள டோம்பிவலி ரயில் நிலையம். அந்த ஸ்டேஷன் பெயரையே எண்களுக்கு வைத்துவிட்டார்.

அடுத்தது இன்று அவர் பெயராலேயே வழங்கும் கப்ரேகர் எண்கள். 45-இன் வர்க்கம் 2025. அதை நடுவில் வெட்டி 20-ஐயும் 25-ஐயும் கூட்டினால் மறுபடி 45. 297-இன் வர்க்கம் 88209. 88-உம் 209-உம் சேர்ந்தால் 297. 703-க்கும் இது பொருந்தும், போட்டுப் பாருங்கள்.

தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்களுக்கு ஹர்ஷத் எண்கள் என்று பெயர் வைத்தார். ஆனந்தம் தருவது என்று பொருள். நம் ராமானுஜனின் 1729-உம் ஓர் ஆனந்த எண்தான். இலக்கங்களைக் கூட்டினால் 19. 19-ஐயும் அதைத் திருப்பிப் போட்ட 91-ஐயும் பெருக்கினால் 1729.

எனக்கு மிகவும் பிடித்தது சுயம்பு எண்கள். ஓர் எண்ணை எடுத்து அதன் இலக்கங்களை அதோடு கூட்டுங்கள். 15 என்றால் 15, 1, 5 சேர்ந்து 21. ஆக 21-ஐப் பெற்றெடுத்த தாய் 15. இப்படித் தேடினால் சில எண்களுக்குத் தாயே கிடைக்காது. 20-க்குக் கிடையாது, 31-க்குக் கிடையாது, 42, 53, 64-க்கும் கிடையாது. உளி படாமல் தானே தோன்றிய லிங்கத்தைச் சுயம்பு என்கிறோமே, அதே பெயர்தான். குரு இல்லாமல் வளர்ந்த இந்த மனிதரும் ஒரு சுயம்புதான் என்று எனக்குத் தோன்றும்.

இனி 6174. இதை அவர் கண்டது 1946 இல். உலகத்துக்குச் சொன்னது எங்கே தெரியுமா? நம் சென்னையில், 1949 இல் நடந்த மதராஸ் கணித மாநாட்டில். தேவ்லாலியிலிருந்து வந்த பள்ளி ஆசிரியர், பேராசிரியர்கள் கூடியிருந்த சபையில் வெறும் கழித்தல் கணக்கைப் போட்டுக் காட்டினார்.

பட்டம் பெரிதாக இல்லாதவனுக்கும் கணித சபையில் இடம் உண்டு என்பது நம் பக்கத்தில் பழைய வழக்கம். 1907 இல் இந்தியக் கணிதக் கழகத்துக்கு வித்திட்ட வி. ராமசாமி அய்யர் கணிதப் பேராசிரியர் அல்ல, வருவாய்த் துறை அதிகாரி. 1910 இல் ராமானுஜன் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவரைத் தேடிப் போனது திருக்கோவிலூருக்கு. நெய்வேலியைப் போலவே அதுவும் பழைய தென்னாற்காடு மாவட்டத்து ஊர்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒரே இலக்கமாக மட்டும் இருக்கக் கூடாது. இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதி, பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். வந்த விடையை வைத்து அதையே திரும்பச் செய்யுங்கள். முன்னால் வரும் பூஜ்யத்தை விட்டுவிடக் கூடாது.

நெய்வேலியில் முதல் அனல் மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கிய வருஷம் 1962. கப்ரேகர் ஓய்வு பெற்றதும் அதே வருஷம். 9621-இலிருந்து 1269 போனால் 8352. 8532-இலிருந்து 2358 போனால் 6174. அதற்கு மேல் 7641-இலிருந்து 1467 போனாலும் அதே 6174. வண்டி அங்கேயே நின்றுவிடுகிறது. நெய்வேலி நிறுவனம் உருவான 1956-ஐப் போட்டால் மூன்று படி. அந்த முதல் மின் நிலையம் மூடப்பட்ட 2020-ஐப் போட்டால் ஆறு படி. எந்த எண்ணை எடுத்தாலும் ஏழு படிக்குள் 6174-இல் போய் விழும்.

நம் கல்லூரியில் கணிதம் படித்தபோதுதான் எனக்கு இது அறிமுகம். பிறகு பி.இ. முடித்து வேலைக்கு வந்தபின், புதிதாகச் சேரும் பயிற்சியாளர்களுக்கு வகுப்பு எடுக்கும் பொறுப்பு அவ்வப்போது என்னிடம் வரும். அதுவும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. நெய்வேலி வெயிலில் இரண்டரை மணிக்குத் திரும்பத் திரும்பச் செய்து விடையை நெருங்கும் கணக்கு முறைகளைப் பற்றிப் பேசினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் அன்று பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு அவரவர் பிறந்த வருஷத்தை எழுதச் சொன்னேன்.

இது ஏன் வேலை செய்கிறது என்றால், பக்கத்தில் இருப்பவனைக் காப்பி அடிக்க வழியில்லை. 2006 இல் பிறந்தவருக்கு ஒரே படியில் 6174 வந்துவிடும். 2005 இல் பிறந்தவர் ஏழு படி ஏற வேண்டும். 2004-க்கு இரண்டு, 2003-க்கு ஐந்து. ஒரு வருஷ வித்தியாசத்தில் இப்படி ஏன் என்று அவர்களே கேட்க ஆரம்பித்தார்கள். அதுவரை வாயே திறக்காத ஒரு பையன் 1112-ஐ எடுத்துக்கொண்டான். முதல் கழித்தலில் 999. முன்னால் இருந்த பூஜ்யத்தை விட்டுவிட்டால் அடுத்த படியில் எல்லாம் காலி, சைபர். 0999 என்று வைத்துக்கொண்டால் ஒழுங்காக 6174-க்குப் போகிறது. பூஜ்யத்தை வைக்க வேண்டுமா, விடலாமா என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. ஒரு விதியை எதற்காக வகுக்கிறோம் என்பதை நான் ஒரு மணி நேரம் பேசினாலும் அவ்வளவு நன்றாகப் புரியவைத்திருக்க முடியாது.

ஆனால் இத்தோடு நிறுத்தினால் அது மோடி வித்தை. கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். விளையாட்டு முடிகிற இடத்தில்தான் பாடம் தொடங்க வேண்டும்.

இலக்கங்களை இறங்கு வரிசையில் அ, ஆ, இ, ஈ என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்தால் கிடைப்பது, 999-ஐ அ, ஈ இரண்டின் வித்தியாசத்தால் பெருக்கி, 90-ஐ ஆ, இ இரண்டின் வித்தியாசத்தால் பெருக்கிக் கூட்டிய தொகை. அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான எண்கள் இருந்தாலும் முதல் கழித்தலுக்குப் பிறகு வரக்கூடிய விடைகள் இரண்டே வித்தியாசங்களைப் பொறுத்தவை. முதல் வித்தியாசம் 1 முதல் 9 வரை. இரண்டாவது அதைவிடப் பெரிதாக இருக்க முடியாது. எண்ணிப் பார்த்தால் மொத்தம் 54 விடைகள்.

54 என்றால் ஒரு வகுப்பு! ஆளுக்கு ஒரு சீட்டைக் கொடுத்துவிடலாம். எல்லோரும் தங்கள் எண்ணை 6174 வரை கொண்டுபோய்விட்டால் மொத்த எண்களுக்கும் நிரூபணம் முடிந்தது. கெட்டிக்கார மாணவன் மட்டும் செய்து மற்றவர்கள் பார்த்து எழுதிக்கொண்ட நிரூபணம் இல்லை. ஒருவர் வராவிட்டாலும் நிரூபணத்தில் ஓட்டை விழும். கடைசி பெஞ்சும் முதல் பெஞ்சும் ஒரே கயிற்றைப் பிடித்து இழுத்தாக வேண்டும். என் வகுப்பில் ஆள் குறைவு, அதனால் சிலருக்கு இரண்டு சீட்டு. முடித்தபோது மணி நாலைத் தாண்டிவிட்டது. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நிலைப்புள்ளி என்றால் என்ன என்று விளக்குவது சுலபம். மூன்று இலக்கத்தில் செய்தால் எல்லாம் 495-இல் நிற்கும். இரண்டு இலக்கத்தில் நிற்கவே நிற்காது. 09, 81, 63, 27, 45, மறுபடி 09 என்று செக்கு மாடு மாதிரி சுற்றும். ஐந்து இலக்கத்திலும் 53955-உம் 59994-உம் ஒன்றை ஒன்று மாறி மாறித் துரத்தும். ஒரு முறையைத் திரும்பத் திரும்பச் செய்தால் எப்போது விடையில் நிற்கும், எப்போது சுழலில் மாட்டிக்கொள்ளும்? மின் தொகுப்பில் மின் ஓட்டத்தைக் கணக்கிடும் பொறியாளருக்கும், தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கருவியைச் சரிசெய்பவருக்கும் இதுதான் அன்றாடக் கேள்வி. கழித்தல் தெரிந்தவன் இந்தக் கேள்வி வரைக்கும் நடந்தே வந்துவிட்டான் என்பதுதான் விஷயம்.

கப்ரேகரின் காலத்தில் இதையெல்லாம் மதித்தவர்கள் குறைவு. இது எண்ணின் இயல்பு அல்ல, பத்தின் அடிப்படையில் எழுதுவதால் வரும் வேடிக்கை என்று கணிதத் துறையினர் பலர் ஒதுக்கிவிட்டார்கள். ஆராய்ச்சி அளவுகோலில் அந்த வாதத்தில் நியாயம் இருக்கலாம், நான் மறுக்க மாட்டேன். அவருடைய கட்டுரைகள் பெரும்பாலும் சிறிய பத்திரிகைகளில் வந்தன, அல்லது அவரே அச்சிட்ட சிறு வெளியீடுகளாக வந்தன. வாத்தியார் சம்பளத்தில் அச்சுக்கூலி கொடுத்துப் புத்தகம் போடுவது என்றால் என்ன என்று நம்மில் பல வீட்டுக்குத் தெரியும்.

1966 இல் மனைவி காலமானார். பென்ஷன் போதவில்லை. அறுபது வயதுக்கு மேல் கணக்கும் அறிவியலும் டியூஷன் எடுத்துத்தான் பிழைப்பு நடந்தது. அந்த நிலையிலும் எண்களோடு விளையாடுவதை அவர் விடவில்லை.

1975 மார்ச்சில் திருப்பம் வந்தது. அமெரிக்காவின் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் கணித விளையாட்டுகள் என்ற பகுதியை மார்ட்டின் கார்ட்னர் எழுதிவந்தார். உலகம் முழுக்க வாசகர்கள் உள்ள பகுதி. அதில் அவர் கப்ரேகரையும் சுயம்பு எண்களையும் பற்றி எழுதினார். அப்போது கப்ரேகருக்கு வயது 70. பள்ளியை விட்டு 13 வருஷம், 6174-ஐக் கண்டு 29 வருஷம் ஆகியிருந்தது. அதன் பிறகு அவர் எண்களைப் பல நாட்டவர் ஆராய்ந்தார்கள். இன்று கணிப்பொறி நிரல் எழுதக் கற்கும் மாணவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சிகளில் 6174-உம் ஒன்று. சென்னையில் இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் 2004 இல் கப்ரேகர் எண்களைப் பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டது.

1986 இல், 81-ஆம் வயதில், தேவ்லாலியிலேயே காலமானார். அவர் பிறந்த 1905-ஐ ஒருநாள் போட்டுப் பார்த்தேன். 9351, 8172, 7443, 3996, 6264, 4176, பிறகுதான் 6174. முழுசாக ஏழு படி. இதற்குமேல் நீண்ட வழி அந்தக் கணக்கில் கிடையாது.

இனி தொடக்கத்தில் சொன்ன வழக்குக்கு வருகிறேன். விளையாட்டு வேண்டாம் என்பவர்களுக்கு: கப்ரேகருக்கு விளையாட்டு என்பது கசப்பு மருந்துக்கு மேல் தடவிய தேன் அல்ல. விளையாட்டே அவருடைய கணிதம். சீட்டும் சாக்பீஸும் கொண்டு சிலபஸுக்குள்ளேயே போகலாம். சிலபஸை விட்டு வெளியே ஓட வேண்டியதில்லை. விளையாட்டு வேண்டும் என்பவர்களுக்கு: மணி அடிப்பதும் மார்க் போடுவதும் விளையாட்டு ஆகாது. முதல் பரிசு யாருக்கு என்று முடிகிற விளையாட்டில் இரண்டு பேர் ஜெயிப்பார்கள், ஐம்பது பேர் வேடிக்கை பார்ப்பார்கள். ஏன் இப்படி வருகிறது என்று முடிகிற விளையாட்டில்தான் வகுப்பு முழுவதும் உள்ளே வரும். அறைக்குள் நுழையும்போது எல்லோருக்கும் தெரிந்ததில் தொடங்க வேண்டும். வெளியே போகும்போது யாருக்கும் தெரியாத ஒன்றைக் கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

நம் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளில் பலர் சுற்றுவட்டாரக் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள். கணக்கு நமக்கு வராது என்று பத்தாம் வகுப்பிலேயே யாரோ சொல்லி நம்ப வைத்திருப்பார்கள். அவர்கள் கல்லூரியை விட்டுப் போவதற்குள் ஒரு நிரூபணத்திலாவது தங்கள் கை பட்டது என்ற நினைப்போடு போக வேண்டாமா? அந்த நினைப்பு ஒருவருக்கு வந்துவிட்டால் அப்புறம் அவரைப் பிடிக்க முடியாது. நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதனால் சங்கத்துக்கு இரண்டு யோசனை. ஒன்று, மாதம் ஒரு மணி நேரம் பழைய மாணவர் யாராவது ஒருவர் வகுப்புக்குப் போக வேண்டும். சுரங்கத்தில் இருப்பவர், மின் நிலையத்தில் இருப்பவர், வங்கியில் இருப்பவர், லீவில் ஊருக்கு வந்தவர், யாராக இருந்தாலும் சரி. வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்ற சொற்பொழிவு வேண்டாம். தன் தொழிலிலிருந்து விளையாடிப் பார்க்கக் கூடிய ஒரு கணக்கு, கடைசியில் ஒரு ஏன், அது போதும். முதல் மாதத்துக்கு நான் தயார். 54 சீட்டு எழுதியே வைத்திருக்கிறேன்.

இரண்டாவது, நம் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் கப்ரேகர் மாதிரி ஓய்வு பெற்ற வாத்தியார்கள் இருப்பார்கள். தேடிப் பிடித்து அழைக்க வேண்டும். பட்டத்தைக் கேட்க வேண்டாம். பொன்னாடை போர்த்தி போட்டோ எடுப்பதோடு நிறுத்தாமல், பஸ் செலவையும் கௌரவமான ஒரு தொகையையும் கவரில் வைத்துக் கொடுக்க வேண்டும். எழுபது வயதில் அமெரிக்கப் பத்திரிகை கண்டுபிடிக்கும் வரை காத்திருக்கும் நிலைமை இன்னொரு வாத்தியாருக்கு வரக் கூடாது.

மாணவர்களே, மலரை மூடி வைப்பதற்கு முன் உங்கள் பிறந்த வருஷத்தை ஒரு காகிதத்தில் எழுதுங்கள். 2007 என்றால் ஐந்து படி, 2008 என்றால் ஆறு படி என்று நான் சொல்லிவிட்டேன். ஏன் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.